அம்பத்தூர் வெயிலும் 17 மைக்ரானும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் 1960களிலிருந்து லேத்துகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாகன உதிரிபாகம் கடையும் பட்டறைகளில் லேத்துக்காரர் நாள் முழுக்கக் கையில் எடுத்து வைக்கும் கருவி மைக்ரோமீட்டர். அதில் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர், அதாவது 10 மைக்ரான். தலைமுடியின் கனம் 70 மைக்ரான் அளவில் இருக்கும். கருவியே ஒரு கோடு பிசகிக் காட்டினால்? அன்று கடைந்த ஜாப் எல்லாம் சரியாகவே தெரியும். வாங்கிய கம்பெனியில் பொருத்தும்போதுதான் பேரிங் ஏறாது.

மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை போடுவதைப் பார்த்திருக்கிறோம். பட்டறைக் கருவிக்கு அதற்கு ஈடானது கேலிபரேஷன். கருவியைத் திருத்துவதுதான் அது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், எந்த இடத்தில் எவ்வளவு பிசகுகிறது என்று கண்டு எழுதித் தருவதே அந்த வேலை.

இதற்கு ஸ்லிப் கேஜ் என்ற எஃகுக் கட்டைகள் வேண்டும். ஸ்வீடன்காரர் யோஹான்சன் 1896இல் கண்ட யோசனை. இரண்டு கட்டைகளைத் துடைத்து அழுத்தி நகர்த்தினால் பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும், முகம் அவ்வளவு சமம். 25 மி.மீ. கட்டையைப் பிடித்தால் மைக்ரோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கட்டையை அதைவிட நுட்பமான ஆய்வகம் ஒன்று சரிபார்த்திருக்கும். இப்படியே மேலே போனால் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்து சேரலாம். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் உண்டா என்று கம்பெனிகள் கேட்பது இந்தச் சங்கிலி அறுந்துவிடக் கூடாதென்றுதான். நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் வெட்டிவைத்த நாட்டுக்கு இது புதிதல்ல.

என் கவலை வெயிலைப் பற்றியது. நீள அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே 35 டிகிரி என்றால் 100 மி.மீ. எஃகுத் தண்டு சுமார் 17 மைக்ரான் நீண்டிருக்கும். கருவியும் எஃகாக, அதே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்து நீள்வதால் பிழை பெரும்பாலும் அடிபட்டுப்போகும். ஜாப் அலுமினியம் என்றால் அடிபடாது. அது எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். லேத்திலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்தாலும் பிழை வரும். ஜாப் ஆறும்வரை பொறுக்காத பட்டறைக்கு, குளிரூட்டிய ஆய்வகத்தின் சான்றிதழ் அரை உதவிதான்.

சான்றிதழ் சொல்வது அன்றைய நிலையை மட்டும். மறுநாளே கருவி கைதவறி விழலாம். சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயமிருந்தால், விழுந்தது சத்தமில்லாமல் டப்பாவுக்குள் திரும்பிப் போய்விடும். வந்து சொன்ன பையனைத் திட்டாமல், கருவியை வாங்கித் தனியே வைத்து, ஸ்லிப் கேஜைப் பிடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.