சுண்ணாம்பை மறந்த சுவர்கள்

ஆண்டில் பெரும்பகுதியை மழைக்கு ஏங்கியே கழிக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமைக்குப் பூஞ்சணத்தைப் பற்றிய உபதேசம் எதற்கு என்று கேட்பவர்கள், ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்தபின் குமாரலிங்கபுரம் போன்றதொரு சிற்றூரில், தளம் போட்டுப் பெயிண்ட் அடித்த புதுவீடொன்றின் உள்ளறைக்குச் சென்று, சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவை ஒரு சாண் நகர்த்திப் பார்ப்பார்களாக. சுவரில் கரும்புள்ளிகள் படர்ந்திருக்கும்; மடித்து வைத்த சேலையில் மக்கல் வாடை வீசும். இரண்டு மாதத்து ஈரத்தை வெளியேற்றத் தெரியாத வீட்டுக்கு மற்றப் பத்து மாதத்து வெயிலால் பயனில்லை.

முதற்காரணம் நம் காலடி மண்ணே. கரிசல் மண்ணிலுள்ள களி, கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடித்தும், மழையில் நீரை உறிஞ்சி உப்பியும் மாறிமாறி அசையும் சுபாவமுடையதாதலால், அஸ்திவாரம் ஆழமில்லாத வீட்டின் சுவர் அதனோடு ஏறி இறங்கி விரிசல் விட, அவ்விரிசலின் வழியே சாரலும், அடிச்சுவரின் நுண்துளைகளின் வழியே ஓதமும் உள்ளே புகுகின்றன. பூஞ்சணத்தின் வித்துகளோ காற்றில் எங்கும் மிதப்பவை; அவற்றை விலக்குதல் யாராலும் ஆகாது. சுவரையொட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டி நிலைக்குமாயின் அவை முளைக்கும். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் முளையா.

இந்தச் சாஸ்திரத்தை ஏட்டில் படிக்காமலே நம் முன்னோர் அனுஷ்டித்தனர் என்பதற்குப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கமே சாட்சி. வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்து, ஈரம் குடித்த சுவர் காயத் தொடங்கும் சமயம் பார்த்து, தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் முற்றத்து வெயிலில் எடுத்துப் போட்டு, ஒட்டடையும் பொருக்கும் போகச் சுரண்டி, நீற்றிய சுண்ணாம்பை நார்மட்டையால் பூசினார்கள். புதுச் சுண்ணாம்பின் கடுங்காரத்தில் பூஞ்சணம் பிழைப்பதரிது. அன்றியும் அப்பூச்சு சுவரின் ஈரத்தை அடைக்காமல் ஆவியாக வெளியே விடுவது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கலந்து அது நாளடைவில் மீண்டும் கல்லின் தன்மையடைந்து காரம் தணிந்துவிடுமாகையால், ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியதாயிற்று. மங்களம் என்று நாம் கருதியதில் பாதி சுகாதாரம்.

இன்றோ, பந்தல்குடிப் பக்கத்தில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிச் சுவரேறுகிறது. அதன்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட் ஏறுகிறது. இறுகிய சிமெண்டுப் பூச்சு மண் சற்று அசைந்தாலும் மயிரிழை வெடிப்பு விட, உட்புகுந்த நீர் பெயிண்டுப் படலத்தால் வெளியேற மாட்டாமல் சிறைப்பட்டுக் கொப்புளமாகிறது. அப்படலத்திலுள்ள பசைப்பொருளே பூஞ்சணத்துக்கு ஆகாரமுமாகிறது. குற்றம் சிமெண்டினுடையதன்று, ஓதத்தடுப்பு இல்லாமல் கட்டியதே என்று பொறியாளர் கூறுவர். அதிலும் உண்மை உண்டு. ஆயினும் என் கவலை சிமெண்டைப் பற்றியது மட்டுமன்று. வீட்டின் ஒவ்வொரு மூலையையும் ஆண்டுதோறும் கண்ணால் பார்க்க வைத்ததொரு நியமம் போய், ஐந்தாண்டு தாங்கும் என்ற விளம்பரத்தை நம்பிப் பீரோவை அசைக்காமலே இருக்கும் சௌகரியம் வந்துவிட்டதே! ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமலும் இளைப்பும் மிகுதி என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2009இல் விரிவாகவே எடுத்துரைத்தது. பீரோவுக்குப் பின்னே வளர்வதை முதலில் அறிவது அவ்வறையில் உறங்கும் குழந்தையின் மூச்சாக இருக்கலாகாது.

பரிகாரம் எளியதே. விரிசலையும் ஒழுகலையும் முதலில் அடைக்க வேண்டும். கரும்புள்ளியை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் அறையெங்கும் பறக்குமாதலால், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, ஈரத்துணியும் சோப்புநீரும் கொண்டு துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிளீச்சிங் பவுடரைப் பயன்படுத்துவோர் அதை வினிகர் முதலான புளித்த பொருளோடு கலந்தால் விஷவாயு எழும், ஜாக்கிரதை. பெயிண்டின்மேல் சுண்ணாம்பு பிடிக்காது; பூச்சு தெரியும்வரை சுரண்டியே அடிக்க வேண்டும். சமையற்கட்டில் பூசணம் ஏறிய நிலக்கடலையைச் செக்குக்கு அனுப்பாமல் எறிந்துவிடுக. 1960இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டது பூஞ்சண நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கைத் தின்றே. அந்நஞ்சு சமையற் சூட்டில் அழிவதன்று.

நாகரிகத்தை விட்டுக் குடிசைக்குத் திரும்புங்கள் என்று யான் சொல்லவில்லை. தளம் இருக்கட்டும், சிமெண்டும் இருக்கட்டும். படுக்கையறையின் உட்சுவருக்காவது சுண்ணாம்பைத் திருப்பிக் கொடுங்கள். அதுவும் இயலாதெனில், போகிக்கு முன் ஒருநாள் சாமான்களையெல்லாம் வெயிலில் எடுத்துப் போட்டு, சன்னல்களைத் திறந்து, நான்கு சுவர்களையும் பார்த்துவிட்டாவது பெயிண்ட் டப்பாவை வாங்குங்கள்.