பிரிந்து வரும் தேனீக் கூட்டத்தைப் பிடித்தல்

தேனீ வளர்க்க விரும்பும் அங்கத்தினர் பலருக்குப் பெட்டி எளிதில் கிடைத்துவிடுகிறது. அதில் குடியேற்றத் தேனீ கிடைப்பதுதான் அருமை. விலை கொடுத்து வாங்க இயலாதவருக்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. அதுவே கூட்டம் பிரிதல்.

பூவும் மகரந்தமும் மிகுந்து கூட்டில் இடம் நெருக்கடியானால், தேனீக்கள் புதிய இராணிக்கு அறை கட்டுகின்றன. அவ்வறை மூடப்பட்டதும், பழைய இராணி ஏறக்குறையப் பாதிக் கூட்டத்துடன் வெளியேறி, அருகிலுள்ள கிளையில் கொத்தாகத் தொங்குகிறது. வேவுத் தேனீக்கள் மரப்பொந்தையோ சுவரிடுக்கையோ தேடிவரும் வரையே அங்குத் தங்கும். சில மணி நேரமோ, ஓரிரு நாளோ, அவ்வளவே நமக்குள்ள அவகாசம்.

புறப்படுமுன் வயிறு நிறையத் தேன் அருந்தியிருப்பதாலும், காக்க வேண்டிய அடையும் குஞ்சும் இல்லாமையாலும், இக்கூட்டம் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். ஆயினும் முகவலை இன்றி நெருங்கலாகாது. பிடிக்கத் தகுந்தது அடுக்குத் தேனீயே. மலைத்தேனீ பெட்டியில் தங்காது; அதனிடம் செல்வது உயிருக்கே ஆபத்து. கொம்புத்தேனீயும் பெட்டிக்கு உதவாது.

கொத்து நன்கு அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். சிறிது நீர் தெளித்தால் பறப்பது குறையும். நம் தறியில் நெய்த, காற்றுப் புகும் பருத்தித் துணியில் வாயகன்ற பை தைத்து, கொத்தின் கீழ்ப் பிடித்து, கிளையை ஒரே உதறாக உதற வேண்டும். தேனீக்கள் மீண்டும் கிளைக்கே திரும்பினால், இராணி இன்னும் அங்கேயே உள்ளது என்று பொருள், மறுபடியும் முயலலாம்.

பையை நிழலில் வைத்திருந்து, மாலையில் பெட்டிக்கு மாற்றுவது நலம். நோயற்ற பெட்டியிலிருந்து புழு உள்ள சட்டம் ஒன்றை எடுத்து வைத்தால் கூட்டம் ஓடிப்போகாது. சம அளவு சர்க்கரையும் நீரும் கலந்த பாகை இரவில் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் பிற தேனீக்கள் கொள்ளையிட வரும். பெட்டியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. இராணி வெளியேறாதபடி வாயிலில் வைக்கும் தடுப்புத் தகட்டை இரண்டு மூன்று நாளில் எடுத்துவிட வேண்டும். பின்னால் பிரியும் கூட்டங்களில் கன்னி இராணியே இருக்கும். அது பறந்து சென்று ஆண் தேனீக்களுடன் கூடினால்தான் முட்டையிட்டுக் கூட்டத்தைப் பெருக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பாதிரியார் நியூட்டன் 1911 முதல் 1917 வரை நாட்டுத் தேனீக்கேற்ற பெட்டி அமைத்துப் பயிற்சியளித்தார். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் அத்தொழிலைச் சிற்றூர்களில் பரப்பினார். இவ்வாறு வளர்ந்த தொழிலை, 1991-ல் தென்னாட்டில் பரவிய தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் ஏறத்தாழ அழித்துவிட்டது. புழுக்கள் நீர் நிறைந்த பைபோலாகி அறையிலேயே மடிந்தன. எண்ணற்ற குடும்பங்கள் வருவாயிழந்தன. பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கியே தொழில் மீண்டும் தலையெடுத்தது.

ஆகவே, புதிதாகப் பிடித்த கூட்டத்தை மற்றப் பெட்டிகளுக்கு அருகே உடனே வைக்கலாகாது. சில வாரம் தனியிடத்தில் வைத்து, புழு வெண்மையாகவும் நலமாகவும் இருப்பதைக் கண்ட பின்னரே சேர்க்க வேண்டும். அதுவரை அதன் சட்டங்களை வேறு பெட்டிக்கு மாற்றவும் கூடாது. ஒருவரின் அவசரம் ஊரார் அனைவரின் பெட்டியையும் காலியாக்கிவிடும்.

மற்றொன்று: கிளையில் தொங்கும் கூட்டம் பக்கத்துத் தோட்டத்து அங்கத்தினரின் பெட்டியிலிருந்து பிரிந்ததாக இருக்கலாம். கேட்டறிந்து, அவருடையதாயின் ஒப்படைப்பதே முறை. இரண்டு பேர் சேர்ந்து பிடித்து, பின்னர் பிரியும் கூட்டத்தைப் பகிர்ந்துகொண்டால், இருவருக்கும் பெட்டி நிறையும். தோட்டத்துப் பூவும் காயாகும். கூட்டுறவு என்பது இதுவேயன்றோ!