விதைப்பூடா, கறிப்பூடா?

மலைநாட்டுத் தோட்டங்களிலே லயத்தின் பின்புறம் ஒரு சிறு மரக்கறிப் பாத்தியேனும் இல்லாத குடும்பம் அரிது. லீக்ஸ், கோவா, கரட் ஆகியன அங்கே விளைந்து, கொழுந்துச் சம்பளம் எட்டாத செலவுகளைத் தாங்கிக்கொள்கின்றன. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அரசாங்கமே உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னதை வாசகர் மறந்திரார். நம் நாட்டார் உண்ணும் வெள்ளைப்பூட்டில் பெரும்பகுதி பிறநாட்டிலிருந்து, சிறப்பாகச் சீனத்திலிருந்து வருவது. ஆகவே விலை ஏறும்போதெல்லாம் ‘நாமே நட்டால் என்ன?’ என்ற எண்ணம் எழுவது இயல்பே.

கைத்தொலைபேசியில் படம் பார்த்துப் பணம் கட்டினால் பூடு தபாலில் வீடு தேடி வரும் காலம் இது. பொட்டலத்தின் மேல் ‘விதைப்பூடு’ என்றிருக்கும். விளைந்த ஊரோ, இனத்தின் பெயரோ இராது. அண்மையில் அத்தகைய பொட்டலமொன்றை நம் மாணவர் ஒருவர் கொண்டுவந்து, “சேர், இதை நடலாமா?” என்று வினவினார். வினா சிறிது, விடை அப்படியன்று.

வெள்ளைப்பூடு விதையினாற் பெருகுவதில்லை. பல்லே அதற்கு விதை. தாய்ப்பூட்டில் இருந்த நோய் பல்லோடு பல்லாகப் பரம்பரைச் சொத்துப்போல் இறங்கிவரும். அவற்றுள் கொடியது வெள்ளழுகல் என்னும் பூஞ்சண நோய். அப்பூஞ்சணத்தின் கரிய மணிகள் கசகசாவினும் சிறியவை. மண்ணில் 20 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடந்து, பூடோ வெங்காயமோ நடப்பட்டதும் அவ்வேரின் மணங் கண்டு விழித்தெழும். லீக்ஸும் அதே குலத்தது என்பதை நுவரெலியாப் பகுதியார்க்கு நாம் சொல்ல வேண்டுமோ? அரைக் கிலோ பூட்டின் ஆசையால் லீக்ஸ் பாத்தியையே இழக்க நேரும் என்பதே இங்குள்ள அச்சம்.

இது வீண் பயமுறுத்தலன்று. 1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளில் தோன்றிய துரு நோய், சில பத்தாண்டுகளில் இலங்கைக் கோப்பிப் பயிரையே வீழ்த்தியது. நம் முன்னோர் கோப்பிக்கென வந்து தேயிலைக்கு மாறிய கதையின் பின்னே நிற்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணமே. அது காற்றிற் பரவியது. விதையோடு வரும் கேட்டுக்கு நீலகிரியைப் பார்க்கலாம். உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழு 1961இல் அங்கே கண்டறியப்பட்டது; ஐரோப்பிய விதைக்கிழங்கோடு வந்திருத்தல் வேண்டும் என்பது அறிஞர் கருத்து. அம்மலைக் கிழங்கை விதைக்கென வெளியே கொண்டுசெல்ல 1971இல் தடை விதிக்கப்பட்டது.

இனிப் பொட்டலத்தைப் பிரிப்போம். பூடு கல்லுப்போல் இறுக்கமாயிருத்தல் வேண்டும். அடித்தட்டில் வெண்பஞ்சு போன்ற படலமோ, கரும்புள்ளி மணிகளோ தென்பட்டால் அப்பொழுதே எரித்துவிடுக. கையிலெடுக்கக் கனமின்றி, அடித்தட்டு தானே கழன்று வருமாயின் தண்டுப்புழுவின் வேலையெனச் சந்தேகிக்கலாம். வேர்கள் அடியோடு மழிக்கப்பட்டுப் பால்போல் வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் கறிக்கென வந்த சரக்கு. கறிப்பூடுகள் முளைவிடாதிருக்கக் கதிர்வீச்சோ மருந்தோ பெற்றிருத்தலும் உண்டு; உண்பதற்குக் குற்றமில்லை, நடுவதற்குப் பயனில்லை.

ஆயினும் கண் காட்டுவது பாதியே. பூட்டில் வாழும் நச்சுயிரிகளைக் கண்ணாற் காணமுடியாது. தளதளவென்றிருக்கும் பூட்டிலும் அவை இருக்கலாம். ஆதலால் பூட்டைக் காட்டிலும் அது வந்த வழியை ஆராய்வதே அறிவுடைமை. பிறநாட்டு நடுகைப் பொருளுக்கு முன்அனுமதியும், அந்நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்றே உள்ளது. கட்டுநாயக்கவில் தாவரத் தடுப்புக்காப்பு நிலையமும் இயங்குகிறது. 2020இல் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளிற் பலருக்குக் கேளாமலே விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. நடவேண்டாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் எச்சரித்தனர். விற்பனைக் கணக்கைப் பெருக்கிக் காட்டும் வணிகத் தந்திரம் அது எனப் பின்னர்க் கருதப்பட்டது. எனினும் எச்சரிக்கை பிழையன்று.

மற்றொன்று. நோயற்ற பூடும் நம் மண்ணில் விளையாதொழியலாம். வடநாட்டு இனங்கள் பல, குளிரையும் நீண்ட பகலையும் பெற்றாலே பல் திரளும். நுவரெலியா 6,000 அடிக்கு மேலிருப்பதால் குளிர் உண்டு. பகலோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரமே. ஹற்றனிற் குளிரும் குறைவு. தாள் மட்டும் தழைத்து, தோண்டினால் ஒற்றைப் பல் கிடைக்கும். இம்மலையிலேயே சில ஆண்டு விளைந்த பூட்டை அயலவரிடமோ, கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியர் காட்டும் இடத்திலோ பெறுவதே மேல் என்பது நம் துணிபு.

தபாற்பூடு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா? வந்த வழி தெரியாததாயின் கறிக்கு ஆக்குங்கள். வழி தெரிந்ததாயின், பாத்திக்குத் தொலைவில் ஒரு தொட்டியில் நாலைந்து பற்களை ஊன்றி ஒரு போகம் பாருங்கள். இலையில் மஞ்சட் கீற்றோ, தண்டில் வீக்கமோ கண்டால் செடியை எரிக்க வேண்டும். அத்தொட்டி மண்ணையும், பூடு கழுவிய நீரையும், உரித்த தோலையும் எருக்குழியிலோ லீக்ஸ் பாத்தியோரத்திலோ கொட்டலாகாது.