ஸ்டென்ட் வைக்கும் முன் சிஸ்டர் சொல்ல வேண்டியவை

இதயத் தமனி அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோகிராமுக்கும், அடைப்பைப் பலூனால் விரித்து ஸ்டென்ட் எனும் சிறு வலைக்குழாய் வைப்பதற்கும் நோயாளியைப் பெரும்பாலும் தூங்க வைப்பதில்லை. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போக ஓர் ஊசி, அவ்வளவுதான். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதயத் தமனிக்குள் முதன்முதலாக பலூன் சிகிச்சை செய்தபோதும், அந்த 38 வயது நோயாளி விழித்துக்கொண்டுதான் இருந்தார். வலியோ மூச்சுத்திணறலோ வந்தால் நோயாளியே சொல்லிவிடுவார் என்பதால் மருத்துவருக்கு இது வசதி. ஆனால் தன் இதயத்துக்குள் நடக்கும் வேலையைக் கண் திறந்தபடி படுத்திருந்து கவனிப்பவரின் மனம் என்ன பாடுபடும்? அதைப் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையில் சேர்ந்ததே. அது பெரும்பாலும் செவிலியரின் கையில்தான் இருக்கிறது.

பயம் மனதோடு நிற்பதில்லை. அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே ரத்தம் போதாமல் தவிக்கும் இதயத்துக்கு ஆக்ஸிஜன் தேவை இன்னும் கூடுகிறது. மணிக்கட்டு வழியாகக் குழாயைச் செலுத்தும்போது, பதற்றத்தில் அந்தத் தமனி இறுகிக்கொள்வதும் உண்டு. அப்போது குழாய் நகராது, வலிக்கும், சில நேரம் தொடை வழிக்கு மாற வேண்டிவரும்.

"ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்று தோளைத் தட்டினால் மட்டும் இந்தப் பயம் போகாது. என்ன செய்யப்போகிறார்கள் என்பதோடு, உடம்பில் என்ன உணர்வு வரும் என்பதையும் முன்கூட்டியே சொன்னால் நோயாளியின் தவிப்பு குறைகிறது என்று 1970களிலேயே காட்டியவர் அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் ஜீன் ஜான்சன். இந்தச் சிகிச்சை நடக்கும் அறையான கேத் லேபுக்கு அனுப்பும் முன் ஒரு சிஸ்டர் இப்படிச் சொல்லலாம்:

"ஐயா, மேசை ஒடுக்கமா இருக்கும், ரூம் சில்லுனு இருக்கும். கேமரா நெஞ்சுக்குப் பக்கத்துல வந்து வந்து போகும். சாய மருந்து உள்ள போறப்போ உடம்பெல்லாம் சூடு பரவுற மாதிரி இருக்கலாம், சீக்கிரம் போயிடும். பலூன் ஊதுறப்போ நெஞ்சு அழுத்தலாம். சுருக்கினதும் குறையும். வலிச்சா அடக்கிக்காம உடனே சொல்லுங்க."

இதைச் சொல்ல சில நிமிடங்கள் போதும். பலூன் விரியும்போது வரும் நெஞ்சழுத்தத்தைப் பற்றி யாரும் சொல்லாவிட்டால், மாரடைப்பு திரும்ப வந்துவிட்டதென்றே அந்த மனிதர் நினைப்பார்.

பேச்சுக்கு இவ்வளவு பலனா என்று சந்தேகப்படுபவர்களுக்கு 1964இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். வயிற்று அறுவை சிகிச்சைக்கு வந்த 97 பேரில் ஒரு பகுதியினரிடம் வலி எங்கே வரும், எப்படி இருக்கும், எப்படித் தளர்ந்து படுப்பது என்று முன்பே விளக்கினார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தேவைப்பட்ட வலிமருந்து ஏறத்தாழப் பாதிதான்.

நம் ஊரில் இதற்கு ஒரு தடை குடும்பத்திலிருந்தே வருகிறது. "அப்பாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம் சிஸ்டர், சும்மா டெஸ்ட்டுனு சொல்லுங்க" என்பார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் கேத் லேபின் குளிரும் முகக்கவசங்களும் ஈய அங்கிகளும் அப்பாவின் கண்ணில் படத்தானே செய்யும்? பொய் சொன்னார்கள் என்று தெரிந்தபின் அடுத்த வார்த்தையை அவர் எப்படி நம்புவார்? நோயாளிக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே கேட்டு, அந்த அளவுக்கு உண்மையைச் சொல்வதே முறை. எல்லாவற்றையும் கேட்க விரும்பாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மீது விவரங்களைத் திணிக்கக் கூடாது.

பைபாஸ் அறுவை சிகிச்சையில் இந்த முன்னறிவிப்பு இன்னும் அவசியம். மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது தொண்டையில் சுவாசக்குழாய் இருக்கும், பேச்சு வராது. குழாய் இருக்கும் வரைதான் இப்படி என்றும், தேவையைக் கையால் எப்படிக் காட்டுவது என்றும் முதல் நாளே பழக்கிவிட வேண்டும். ஐசியூவில் சிலருக்கு இரவில் மனக்குழப்பம் வரும். இல்லாத ஆட்களைப் பார்ப்பார்கள், குழாயைப் பிடுங்குவார்கள். இது பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். உறவினர்களிடம் முன்பே சொல்லிவைத்தால் "புத்தி பேதலித்துவிட்டது" என்று அழ மாட்டார்கள்.

வீடு திரும்பிய பிறகு வரும் மனச்சோர்வைத்தான் நாம் அதிகம் கவனிக்காமல் விடுகிறோம். கனடாவின் மாண்ட்ரியலில் மாரடைப்பு வந்த 222 பேரைக் கண்காணித்த ஆய்வு ஒன்று 1993இல் வெளியானது. மனச்சோர்வு இருந்தவர்கள் 6 மாதங்களுக்குள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. மனம் சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுவார். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளக்கூடும். இதய நோயாளிகளிடம் மனச்சோர்வு இருக்கிறதா என்று பரிசோதிக்கும்படி அமெரிக்க இதயச் சங்கம் 2008இல் பரிந்துரைத்தது. தொடக்கத்தில் இரண்டே கேள்விகள்: கடந்த 2 வாரங்களில் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்தீர்களா? இவற்றை டிஸ்சார்ஜ் அன்றும் மறுபரிசோதனையிலும் செவிலியரே கேட்டுவிடலாம். மாடிப்படி ஏறலாமா, எப்போது வேலைக்குப் போகலாம், தாம்பத்தியம் கூடாதா என்பவையும் நோயாளியின் மனதில் இருக்கும். கடைசிக் கேள்வியைக் கூச்சத்தில் அவர் கேட்கவே மாட்டார். சிஸ்டர்தான் பேச்சை எடுக்க வேண்டும்.

ஆனால் ஒரு ஷிப்டில் வார்டு முழுவதையும் சுமக்கும் செவிலியரை, நோயாளியிடம் நின்று பேசவில்லை என்று குறைசொல்வது நியாயமல்ல. அந்த நேரத்தை அவருக்கு ஒதுக்கித் தருவது நிர்வாகத்தின் வேலை. ரத்த அழுத்தத்தைப் போலவே, நோயாளியிடம் விளக்கியதும் அவர் கேட்டதும் கேஸ் ஷீட்டில் பதிவாக வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், "எனக்கு என்ன மாதிரி இருக்கும்?" என்று தயங்காமல் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் மனம் தேறவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416. 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.