முதலில் திரியை வாங்குங்கள்

வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்து விற்கலாம் என்ற யோசனை தீபாவளிக்குத் தீபாவளி பலருக்குப் புதிதாகப் பிறக்கிறது. பொங்கல் வருவதற்குள் பாதிப் பேர் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். மெழுகு மட்டம், அச்சு மட்டம், வெயில் அதிகம் என்று எதையாவது காரணமாகச் சொல்வார்கள். திரி சரியில்லை என்று சொல்பவர் அபூர்வம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கென்று விற்கப்படும் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாலே இது ஏன் என்று புரியும். வரிசையாக நிறக் கட்டிகள், மல்லிகை முதல் காப்பி வரை வாசனைக் குப்பிகள், ரோஜாவும் கரடியும் பிள்ளையாருமாகச் சிலிகான் அச்சுகள், மினுமினுக்கும் தூள் எல்லாம் இருக்கும். மூலையில் பெயரும் அளவும் குறிப்பிடாத ஒரு திரிக் கற்றை கிடக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிகிற பொருள்களுக்குத்தான் காசு போகிறது. மெழுகுவர்த்தி ஒழுங்காக எரியுமா எரியாதா என்பதை நிர்ணயிக்கும் பொருளோ கொசுறாக வந்துசேர்கிறது.

மெழுகுவர்த்தியில் எரிவது பெரும்பாலும் திரியல்ல, மெழுகின் ஆவி. சுடரின் சூடு அடியில் இருக்கும் மெழுகை உருக்குகிறது. உருகிய மெழுகு திரியின் நூலிழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிடைவெளி வழியாக மேலேறி, சுடருக்குள் போனதும் ஆவியாகி எரிகிறது. திரியின் வேலை மெழுகை அளவாக ஊட்டுவது. அது தடித்திருந்தால் தேவைக்கு மேல் மெழுகு ஏறும். அவ்வளவையும் எரிக்கக் காற்று போதாமல் மிச்சம் கரியாகிச் சுவரில் படியும். மெலிந்திருந்தால் சுடர் சுருங்கி, தான் உருக்கிய மெழுகிலேயே மூழ்கி அணையும். வீட்டுத் தயாரிப்பாளர்கள் தனித்தனி நோய்களாக நினைத்துத் தனித்தனி மருந்து தேடும் பல கோளாறுகள் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். நடுவில் மட்டும் குழியாக இறங்கி ஓரத்தில் மெழுகு சுவராக நின்றுவிட்டால், திரி சிறியது அல்லது முதல் தடவை ஏற்றியபோது சீக்கிரமே அணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். திரி நுனியில் காளான் போலக் கரி கட்டினால் திரி பெரியது அல்லது வாசனை எண்ணெய் கூடிப்போனது. சுடர் ஆடி ஆடிப் புகைந்தால் நுனியை வெட்டவில்லை அல்லது மின்விசிறிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். சடசடவென்று பொரிந்தால் திரியில் ஈரம் ஏறியிருக்கிறது. கடலோர ஊர்களில் திரியைத் திறந்து வைத்தால் இது நடக்கும். உருக்கிய மெழுகில் திரியை முக்கி, காற்றுக் குமிழ் நின்றதும் எடுத்து நேராக நீட்டிக் காயவைத்துப் பயன்படுத்தினால் போதும்.

நம் வீடுகளில்தான் திரிக்குப் பஞ்சமே இல்லையே என்று தோன்றலாம். பஞ்சுத் திரி, நூல் திரி, பழைய வேட்டிக் கிழிசலில் திரித்த திரி என்று எத்தனையோ உண்டு. ஆனால் அகலின் விளிம்பில் சாய்ந்து கிடந்து எரிவது விளக்குத் திரி. மெழுகுவர்த்தித் திரிக்குச் சாய்ந்துகொள்ள விளிம்பு கிடையாது. உருகிய மெழுகின் நடுவே தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும். அதோடு, மெழுகு குறையக் குறையத் தன் நீளத்தையும் தானே குறைத்துக்கொள்ள வேண்டும். முறுக்கிய நூலுக்கு இந்த வித்தை தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் கையில் கத்தரி போன்ற ஒரு கருவியோடு உட்கார்ந்து, கருகிய நுனியை அடிக்கடி வெட்டிவிட வேண்டியிருந்தது. 1825 வாக்கில் பிரான்சில் பின்னல் திரி வந்த பிறகே அந்தத் தொல்லை ஒழிந்தது. பின்னிய திரி எரியும்போது நுனி ஒரு பக்கமாக வளைந்து சுடரின் வெளியோரத்துக்கு வரும். அங்கே காற்று நன்றாகக் கிடைப்பதால் நுனி சாம்பலாகி உதிர்ந்துவிடும். போரிக் அமிலம் போன்ற வேதிப்பொருள்களின் கரைசலில் ஊறவைத்தால் சாம்பல் திரியை அடைக்காது. மெழுகின் கதையில் இதற்கு ஈடான திருப்பம் ஒன்றோ இரண்டோதான் சொல்ல முடியும். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்னால் தீர்ந்துபோன சிக்கலை, கோலமாவு நிறத்தில் மெழுகு ஊற்றி, நடுவே விளக்குத் திரியைச் செருகி, நாம் மறுபடி வீட்டுக்குள் அழைத்துவருகிறோம்.

கடையில் கேட்டு வாங்கும்போது தட்டைப் பின்னல், சதுரப் பின்னல், நடுவில் காகிதமோ துத்தநாகமோ வைத்த திரி என மூன்று வகை கிடைக்கும். பாரஃபினில் செய்யும் ஒல்லி மெழுகுவர்த்திக்கும் தூண் மெழுகுவர்த்திக்கும் தட்டைப் பின்னல் ஏற்றது. தேன்மெழுகு போன்ற பிசுபிசுப்பான மெழுகுக்குச் சதுரப் பின்னல் வேண்டும். ஆழமாக உருகி நிற்கும் ஜாடி மெழுகில் நிமிர்ந்து நிற்க நடுத்தண்டு உள்ள திரி உதவும். முன்பு தண்டுக்கு ஈயம் வைத்தார்கள். எரியும்போது ஈயம் காற்றில் கலந்ததால் அமெரிக்கா 2003இல் அதைத் தடை செய்தது. பெயர் தெரியாத உலோகத் தண்டுத் திரியைச் சகாய விலைக்குக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம். அளவுக்கு அட்டவணைகள் உண்டு என்றாலும் அவை தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒரே ஜாடி, ஒரே மெழுகு, வாசனையை மட்டும் மாற்றினால்கூடத் திரியின் அளவை மறுபடி பார்க்க வேண்டும். ஒரே கலவையை மூன்று ஜாடிகளில் ஊற்றி, அடுத்தடுத்த மூன்று அளவில் திரி வைத்து, தினம் 4 மணி நேரம் ஏற்றிப் பார்ப்பதற்குக் குறுக்குவழி எதுவும் கிடையாது. உருகும் மெழுகு விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்ற கணக்கில் ஓரத்தைத் தொட வேண்டும். மூன்று அங்குல ஜாடியில் மூன்று மணி நேரமாகியும் தொடவில்லையென்றால் திரியை ஒரு அளவு கூட்டலாம். ஒரு மணி நேரத்திலேயே தொட்டு, கண்ணாடியும் பிடிக்க முடியாமல் சுட்டால் குறைத்துவிட வேண்டும்.

இப்படி எரித்தே தீர்த்தால் விற்க என்ன மிஞ்சும் என்று கேட்பார்கள். கணக்குப் பார்க்கலாம். 200 மில்லி தண்ணீர் பிடிக்கும் ஜாடிக்குச் சுமார் 180 கிராம் மெழுகு போதும். மெழுகு தண்ணீரைவிட இலேசானது. மணிக்கு 6 கிராம் எரிந்தால் 30 மணி நேரம் வரும். ஆகச் செலவு மூன்று ஜாடி மெழுகும் எட்டு நாள் பொறுமையும்தான். கொலுவுக்கு ரிட்டர்ன் கிஃப்டாக நூறு ஜாடி ஆர்டர் எடுத்து, நூறும் குழி விழுந்து திரும்பி வந்தால் ஆகும் செலவை இதற்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். பெட்டிக்கடை வெள்ளை மெழுகுவர்த்திக்கு இந்தப் பாடெல்லாம் உண்டா என்பது இன்னொரு கேள்வி. அந்தப் பாட்டை ஆலைக்காரர்கள் என்றைக்கோ பட்டு முடித்துவிட்டார்கள்: ஒரே தடிமன், ஒரே மெழுகு, ஒரே திரி, வாசனையும் கிடையாது. அது திறந்த வெளியில் எரிகிறது. ஜாடி மெழுகு சூட்டை உள்ளேயே தேக்கிக்கொண்டு, வாய் வழியாக வரும் காற்றை மட்டும் நம்பி எரிகிறது.

மெழுகைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாரஃபின், கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கிடைப்பது. அசாமின் டிக்பாயிலும் நம் மணலியிலும் எடுக்கிறார்கள். 58 முதல் 60 டிகிரி செல்சியஸில் உருகும் ரகம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். தூண் மெழுகுவர்த்திக்கு 10 சதவீதத்துக்குள் ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் கெட்டிப்படும், அச்சிலிருந்தும் சுலபமாகக் கழன்று வரும். ஜாடிக்கான சோயா மெழுகு பெரும்பாலும் 50 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். சித்திரை வெயிலில் கதவடைத்து நிற்கும் பார்சல் வண்டிக்குள் அந்தச் சூடு தாராளமாக வரும். குளிர்நாட்டுக் குறிப்பைப் பார்த்துச் சுத்த சோயாவில் செய்து மே மாதம் மதுரைக்கு அனுப்புகிறவர் பாரஃபின் கலப்பதைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். சோயா செடியிலிருந்து வருவது, பாரஃபின் பூமிக்கடியில் தோண்டி எடுத்துத் தீர்ப்பது என்று வாதிடுபவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் கரி படியாது என்பதற்காகச் சோயாவுக்கு மாறுபவர்கள் ஏமாறுவார்கள். வெட்டாத நீளத் திரியில் எந்த மெழுகும் புகையும். திரியின் மேல் பழி போட முடியாத கோளாறுகளும் உண்டு. பாரஃபின் ஆறும்போது சுருங்குவதால் திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். பாதி இறுகியதும் குச்சியால் குத்தி, மீதி மெழுகை இரண்டாம் முறை ஊற்ற வேண்டும். சோயா மேல் உப்புப் பூத்தாற்போல் வெள்ளை படிவது அதன் இயல்பு. நிறமே போடாமல் விட்டால் கண்ணுக்குத் தெரியாது.

நிறமும் வாசனையும் திரியின் பகையாளிகள். மெழுகு வண்ணக் குச்சிகளை உருக்கிக் கலந்தால் நிறத்துகள் திரியின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கேசரிப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் மெழுகோடு சேராமல் அடியில் தங்கும். எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயம் தனியாகக் கிடைக்கிறது, ஒரு சிட்டிகை போதும். வாசனை எண்ணெய் பொதுவாக மெழுகின் எடையில் 6 முதல் 10 சதவீதம். 180 கிராமுக்கு 8 சதவீதம் என்றால் 14 கிராம்தான். மணம் போதவில்லையென்று மேலும் ஊற்றினால் மேற்பரப்பில் வியர்த்து நிற்கும், திரி திணறும். மூடியால் அளந்து ஊற்றும் பழக்கத்தை விடுவதற்காகவே ஒரு கிராம் காட்டும் தராசு வாங்கலாம். தராசு, வெப்பமானி, மூன்று நான்கு அளவில் நல்ல திரி ஆகியவற்றை வாங்கிய பிறகு மிச்சக் காசில் அச்சு வாங்கினால் போதும்.

அழகுக்குத்தான் வாங்குகிறார்கள், யார் ஏற்றப்போகிறார்கள் என்ற சமாதானத்தையும் கேட்க நேர்கிறது. ஒரு நாள் மின்சாரம் போகும், அலமாரியில் இருப்பதை எடுத்து ஏற்றுவார்கள். கவலை அங்கேதான். விழா முடிந்து தாம்பூலப் பையில் வீடு வந்து சேரும் ஜாடி, செய்தவருக்கு முகம் தெரியாத ஒருவர் வீட்டில், திரைச்சீலைக்குப் பக்கத்தில் எரியப்போகிறது. அதனால் மெழுகு ஊற்றும் பாத்திரம் தீயையும் சூட்டையும் தாங்குவதாக இருக்க வேண்டும். ஆனால் இன்று எதில் எதிலெல்லாமோ மெழுகு ஊற்றுகிறார்கள். கொட்டாங்குச்சியில் ஊற்றுகிறார்கள், அது அடுப்பெரிக்கும் பொருள் என்பது மறந்துபோகிறது. பூச்சில்லாத அகலில் ஊற்றினால் மண் மெழுகை உறிஞ்சிக்கொள்ளும். சுடர் தாழ்ந்து விளிம்பை எட்டினால் அந்த இடமும் திரியைப் போல எரியக்கூடும். காய்ந்த ரோஜா இதழ், பட்டை, அன்னாசிப்பூ ஆகியவற்றை மேலே பதிக்கிறார்கள். சுடருக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் இன்னொரு திரி. மெல்லிய தண்ணீர் டம்ளரோ, வாய் குறுகிய கிளாஸோ, கீறல் விழுந்த ஊறுகாய் பாட்டிலோ சூட்டில் வெடிக்கலாம். சுவர் தடித்து, வாய் அகன்று, சூடு தாங்கும் என்று விற்கப்படும் ஜாடி விலை கூடுதல்தான். லாபத்தில் கை வைத்தாவது அதைத்தான் வாங்க வேண்டும்.

உருக்கும் இடத்திலும் இதே அலட்சியம் தெரிகிறது. தண்ணீர் கொதித்து எச்சரிக்கும். மெழுகு அப்படியல்ல, அமைதியாகச் சூடேறி, புகைய ஆரம்பித்து, 200 டிகிரியைத் தாண்டிய நிலையில் பற்றிக்கொள்ளும். பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினால் சூடு 100 டிகிரியைத் தாண்ட வழியில்லை. மீறிப் பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் மெழுகுக்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் மெழுகைக் கூரை வரை வீசும். அடுப்பை அணைத்து இறுக்கமான மூடியால் மூட வேண்டும். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே அந்த மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் இந்தக் கவலையும் திரிக்கே வந்து சேர்கிறது. திரியின் அடியில் மாட்டும் தகரத் தட்டுக்குச் சின்னதாக ஒரு கழுத்து உண்டு. மெழுகு தீரும் நேரத்தில் அந்தக் கழுத்துக்குக் கீழே மெழுகு ஏற முடியாமல் சுடர் தானே அணையும். கழுத்தில்லாத தட்டையோ வெறும் முடிச்சையோ வைத்தால், திரி கண்ணாடியின் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டு கடைசிச் சொட்டு வரை எரியும். ஜாடி அடியோடு விரிசல் விடுவது அப்போதுதான். அந்தத் தட்டைச் சாதாரணத் துப்பாக்கிப் பசையால் ஒட்டுவது இன்னொரு வழக்கம். மெழுகு ஆழமாக உருகும்போது அந்தப் பசையும் இளகும், திரி நகர்ந்து ஓரத்துக்குப் போகும், சுடர் கண்ணாடியை நக்கும். சூடு தாங்கும் ஒட்டுவில்லைகளைத் திரி விற்கும் கடையிலேயே கேட்டு வாங்கலாம். இந்தக் கோளாறுகள் எவையும் முதல் மூன்று நாளில் தெரியாது. அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிச்சமிருக்கும்போதுதான் வெளிப்படும். அதனால் சோதனை ஜாடியைப் பாதியில் அணைத்து அலமாரியில் வைக்காமல் பக்கத்தில் இருந்து கடைசி வரை எரிய விட வேண்டும். விற்பனைக்குப் போகும் ஜாடியில் மட்டும், ஒரு சென்டிமீட்டர் மெழுகு இருக்கும்போதே அணைத்துவிடும்படியும், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டும்படியும், 4 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதபடியும் தமிழில் அச்சடித்து ஒட்ட வேண்டும். நன்றி அட்டையில் அதற்கு இடம் இருக்கிறது.