நிதியமைச்சர் கைகாட்டும் ஊர்

பிழைப்பும் ஊரும் – 9

கனடாவின் வான்கூவரில் விஎஃப்எக்ஸ், அதாவது சினிமா கிராபிக்ஸ் கலைஞர்கள் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் பட்ஜெட்டில்தான் போய் நிற்கும். சினிமா பட்ஜெட் அல்ல, அரசாங்க பட்ஜெட். கியூபெக்கில் எவ்வளவு வெட்டினார்கள், லண்டனில் எவ்வளவு ஏற்றினார்கள், நியூ சவுத் வேல்ஸில் கூடுதலாக என்ன தருகிறார்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். புலியின் தோளில் தண்ணீர் வழிவதை வாரக்கணக்கில் திருத்துகிற ஆட்களுக்கு வரிச்சலுகைச் சட்டம் மனப்பாடமாக இருப்பது முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. கணக்கைக் கேட்டதும் வேடிக்கை போய்விட்டது.

கணக்கு இதுதான். ஹாலிவுட் படமொன்றின் கிராபிக்ஸ் வேலைக்காக வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு கலைஞருக்கு 100 டாலர் சம்பளம் போகிறது என்று வையுங்கள். 2025 ஜனவரி 1-க்குப் பிறகு படப்பிடிப்பு தொடங்கிய படமென்றால், அதில் 36 டாலரை மாகாண அரசு திருப்பித் தரும். டிஜிட்டல் அனிமேஷன், விஎஃப்எக்ஸ் வேலை என்பதற்காக மேலும் 16. மிச்சம் நிற்கும் 48-இல் 16 சதவீதத்தை ஒட்டாவா, அதாவது மத்திய அரசு தரும். அது ஏழே முக்கால் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, 100 டாலர் கலைஞர் தயாரிப்பாளருக்குச் சுமார் 40 டாலருக்குக் கிடைக்கிறார். கட்ட வேண்டிய வரியே இல்லாவிட்டாலும் இந்தத் தொகை ரொக்கமாகக் கைக்கு வரும். லாஸ் ஏஞ்சலீசில் இந்த வேலைக்கு இதற்கு ஈடான சலுகை இருந்ததில்லை. பிறகு வேலை எந்த ஊருக்குப் போகும் என்று கேட்க வேண்டியதில்லை.

இந்தப் பணத்தில் கலைஞருக்குப் பங்கில்லை. அவருக்குச் சம்பளம் கொடுக்கும் விஎஃப்எக்ஸ் கம்பெனிக்கும் பெரும்பாலும் இல்லை. போய்ச் சேர்வது தயாரிப்பு ஸ்டுடியோவுக்கு. கம்பெனியிடம் ஸ்டுடியோ கேட்பது ஒன்றுதான்: உனக்கு அந்த ஊரில் கிளை இருக்கிறதா? இருந்தால் வேலை. இல்லாவிட்டால் திறந்துவிட்டு வா. அதனால்தான் இந்தத் துறையின் பெரிய பெயர்கள் எல்லாம் உலகம் முழுக்க அலுவலகம் திறப்பதும் மூடுவதுமாக இருக்கின்றன. பிக்ஸார் வான்கூவரில் 2010-இல் ஒரு கிளை திறந்து 2013-இல் மூடியது. சோனி இமேஜ்வொர்க்ஸ் 2014-இல் தலைமையகத்தையே கலிபோர்னியாவிலிருந்து வான்கூவருக்குக் கொண்டுவந்தது. எம்பிசி கம்பெனியின் வான்கூவர் அலுவலகம் 2019 டிசம்பரில், கிறிஸ்துமசுக்குச் சற்று முன்பு மூடப்பட்டது.

நமக்குத் தெரிந்த படத்திலிருந்தே இதைப் பார்க்கலாம். புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை'. கடல் காட்சிகளைத் தைவானில் பெரிய தொட்டி கட்டி எடுத்தார்கள். ரிச்சர்ட் பார்க்கர் என்ற புலியைப் பெரும்பாலும் கணினியில் செய்தது லாஸ் ஏஞ்சலீசின் ரிதம் அண்ட் ஹ்யூஸ். 1987-இல் தொடங்கிய கம்பெனி. 'பேப்', 'த கோல்டன் காம்பஸ்' படங்களுக்கு ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கியது. மும்பையிலும் ஐதராபாத்திலும் கிளைகள் இருந்தன. படம் உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2013 பிப்ரவரி 24 ஆஸ்கர் இரவு. பாம்பே ஜெயஸ்ரீயின் தாலாட்டு பரிந்துரைப் பட்டியலில் இருந்ததால் தமிழ்நாடும் பார்த்துக்கொண்டிருந்த விழா. அந்தப் படத்துக்கான விஷுவல் எஃபெக்ட்ஸ் விருதை வாங்க ரிதம் அண்ட் ஹ்யூஸின் பில் வெஸ்டன்ஹோஃபர் மேடையேறினார். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் கம்பெனி திவால் மனு போட்டிருந்தது. அரங்குக்கு வெளியே தெருவில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பதாகைகளோடு நின்றார்கள். அவர் கம்பெனியின் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கியதும் 'ஜாஸ்' படத்தின் சுறா இசை எழும்பியது, மைக் அடங்கியது. நேரம் முடிந்தால் இசை போடுவது வழக்கம்தான். ஆனாலும் அந்த இரவில் சுறாவைத் தேர்ந்தெடுத்தவரின் ரசனையை என்ன சொல்ல?

கம்பெனி ஏன் விழுந்தது என்பதற்கு மோசமான நிர்வாகம் என்று ஒரு பதில் உண்டு. நான் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். இந்தத் தொழிலில் வேலையை எடுப்பது நிலையான தொகைக்கு. இத்தனை ஷாட், இவ்வளவு பணம் என்று கையெழுத்தான பிறகு இயக்குநர் மனம் மாறினாலும், வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனாலும், உட்கார வைத்திருக்கும் கலைஞர்களுக்குக் கம்பெனிதான் சம்பளம் கொடுக்க வேண்டும். லாபம் சுண்டு விரல் அகலம். அதில் ஒரு படம் மூன்று மாதம் தாமதித்தால் போதும்.

அன்று லாஸ் ஏஞ்சலீசிலிருந்து வான்கூவருக்கு இடம்பெயர்ந்தவர்கள், ஊர் நிலைத்துவிட்டது என்று நினைத்தார்கள். சிலர் வீடு வாங்கினார்கள். பிறகு கியூபெக்கின் மாண்ட்ரியல் மேலே வந்தது. ஆட்கள் அங்கே போனார்கள். 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் மே மாதத்திலும் நடிகர்கள் ஜூலையிலும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். நவம்பரில்தான் முழுதும் முடிந்தது. அந்த இடைவெளியில் எடுக்கப்படாத படங்களின் கிராபிக்ஸ் வேலை 2024-இல் வராமல் போனது. அது வராத நேரம் பார்த்து, 2024 மார்ச் பட்ஜெட்டில் கியூபெக், வெளி ஸ்டுடியோவுக்குக் கொடுக்கும் விஎஃப்எக்ஸ் ஒப்பந்தத் தொகையில் 65 சதவீதத்தை மட்டுமே சலுகைக்குக் கணக்கில் எடுப்போம் என்றது. மறுபக்கம் பிரிட்டன், 2025 முதல் விஎஃப்எக்ஸ் செலவுக்கான சலுகையை 39 சதவீதமாக உயர்த்தியது. வரி போகக் கையில் நிற்பது 29.25. அதே 2025 பிப்ரவரி இறுதியில், எம்பிசி, த மில் ஆகியவற்றை வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தது. லண்டன், மாண்ட்ரியல், லாஸ் ஏஞ்சலீஸ், பெங்களூரு என ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்குப் போனார்கள். ஆக, சலுகை ஏறிய ஊரிலும் பாதுகாப்பு இல்லை.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவரோடு இதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறேன். சென்னையில் ரோட்டோ வேலையில் தொடங்கியவர். நடிகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க ஒவ்வொரு ஃப்ரேமாக விளிம்பு வரைவதுதான் ரோட்டோ; நாலு நொடி ஷாட் என்றால் 96 ஃப்ரேம். அங்கிருந்து காம்ப், அதாவது பிரித்த துண்டுகளை ஒரே காட்சியாக இணைக்கும் வேலை, பிறகு சிங்கப்பூர், பிறகு வான்கூவர். நாற்பதைத் தொட்டுவிட்டார்.

"தம்பி, வேலையை மாத்தப் போறீங்களா, ஊரை மாத்தப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே? இந்த வேலையில இருந்தா ஊர் மாறிக்கிட்டே இருக்கணும். ஊர் மாறக் கூடாதுன்னா இந்த வேலையில இருக்க முடியாது."

இந்த முடிச்சில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை. வரிசை முக்கியம். முதலில் ஊர், பிறகு வேலை. காரணம் கலையில் இல்லை, விசாவில் இருக்கிறது.

கனடாவுக்கு வரும் கலைஞர்களில் பலர் ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட பெர்மிட்டில் வருகிறார்கள். அந்த முதலாளி கைவிட்டால் தங்கலாம், ஆனால் இன்னொருவரிடம் புது அனுமதி இல்லாமல் வேலை செய்ய முடியாது. பிரிட்டனில் ஸ்பான்சர் போய்விட்டால் பெரும்பாலும் 60 நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு ஸ்பான்சர். அந்த ஸ்பான்சர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700-க்கும், 2025 ஜூலையில் 41,700-க்கும் போய்விட்டது. இந்த நிலையில், "எனக்கு அலுத்துவிட்டது, நான் செராமிக்ஸ் பண்ணப் போகிறேன்" என்று சொல்ல யாராலும் முடியாது. அலுத்துக்கொள்ளும் உரிமையே நிரந்தர வசிப்புரிமை வந்த பிறகுதான் கிடைக்கிறது.

அதற்கான புள்ளிக் கணக்கிலும் வயது ஓடுகிறது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 20 முதல் 29 வரை வயதுக்கான முழுப் புள்ளி. 30-லிருந்து வருடா வருடம் குறையும். 45-இல் பூஜ்ஜியம். இன்னொரு சிக்கலைப் பலர் தாமதமாகவே தெரிந்துகொள்கிறார்கள்: கனடிய அனுபவத்தை வைத்து விண்ணப்பிக்கும் பிரிவில் ஃப்ரீலான்ஸ், அதாவது சுயதொழிலாகச் செய்த வேலை கணக்கில் வராது. சம்பளச் சீட்டு இருக்கும் வேலை வேண்டும். கியூபெக் என்றால் பிரெஞ்சு வேறு. தற்காலிக பெர்மிட்டில் இருப்பவர்களின் பிள்ளைகள் ஆங்கில வழி அரசுப் பள்ளியில் அதிகபட்சம் மூன்று வருடம்தான் படிக்கலாம். பிறகு பிரெஞ்சுப் பள்ளி. பிள்ளை ஒன்பது வயதில் எந்த மொழியில் கணக்குப் போடுகிறது என்பதும் இந்த முடிவில் ஒரு சதவீதம்தான், ஆனால் எந்த நிதியமைச்சரும் திருப்பித் தராத சதவீதம்.

சரி, வசிப்புரிமை வந்தாயிற்று. எந்த வேலைக்கு மாறுவது? எல்லோரும் முதலில் சொல்வது வீடியோ கேம். மாயா, ஹூடினி போன்ற கிராபிக்ஸ் மென்பொருள் தெரிந்தவர்களுக்கு கேம் செய்யும் அன்ரியல் எஞ்சின் தூரமில்லை. ஆனால் கேம் துறையும் இதே மண்ணில் முளைத்ததுதான். யூபிசாஃப்ட் 1997-இல் மாண்ட்ரியலுக்கு வந்ததே கியூபெக் கொடுத்த சம்பள மானியத்தால். 2023-க்குப் பிறகு அங்கேயும் ஆட்குறைப்பு. அடுத்தது ஆசிரியர் வேலை. 2024 ஜனவரியில் கனடா வெளிநாட்டு மாணவர்களுக்கு உச்சவரம்பு போட்டதும், அவர்களை நம்பியிருந்த தனியார் பயிற்சிப் பள்ளிகளும் ஆட்டம் கண்டன.

யார் சுலபமாக வெளியேறுகிறார்கள் என்று பார்த்தால் எனக்கு ஒரு சங்கடமான விஷயம் தெரிகிறது. பைத்தான் எழுதத் தெரிந்த பைப்லைன் ஆட்களுக்கு எந்த மென்பொருள் கம்பெனியும் கதவு திறக்கும். ஷாட்டுகளையும் தேதிகளையும் மேய்த்துப் பழகிய புரொடக்ஷன் கோஆர்டினேட்டர்கள் மருத்துவமனையிலும் கட்டுமான நிறுவனத்திலும் திட்ட மேலாளர்களாகப் போய்விடுகிறார்கள். கையில் உண்மையான ஓவியம் இருக்கிறவர்தான், தொலைதூர மலையும் அந்தி வானமும் வரையும் மேட் பெயின்டர்தான், எங்கேயும் போக முடியாமல் நிற்கிறார். அவருடைய இடத்தைத்தான் செயற்கை நுண்ணறிவும் முதலில் எட்டிப் பார்க்கிறது. கலை அதிகமாக அதிகமாக வெளியேறும் வழி குறைகிறது. இருபத்தைந்து வயதில் இந்தத் துறைக்கு வருகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை.

திரும்பிவிடலாமே என்று வீட்டில் சொல்வார்கள். கோவில்பட்டிக்காரரின் அப்பாவும் சொல்கிறார். முன்பு ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ் போன்ற பொறுமை வேலைகள் மட்டும் இந்தியாவுக்கு வந்தன. இப்போது முழு ஷாட்டும் வருகிறது. 'இன்செப்ஷன்', 'டூன்' படங்களுக்கு ஆஸ்கர் வாங்கிய டிநெக் கம்பெனிக்குச் சென்னையிலேயே ஸ்டுடியோ இருக்கிறது. எனவே திரும்பினால் தொழிலை விட வேண்டியதில்லை. விட வேண்டியது சம்பளத்தை.

"வேலை என்னவோ அதேதான் அண்ணே. அதே ஷோ, அதே சூப்பர்வைசர். இங்கே பகல்ல திட்டுவாரு, அங்கே ராத்திரி திட்டுவாரு" என்றார்.

குறைந்தது பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். வான்கூவர் காலையில் கூடி ஷாட் பார்க்கும்போது சென்னையில் இரவு பத்தைத் தாண்டியிருக்கும். அப்பாவோடு இருக்கத் திரும்புகிறவர், அப்பா தூங்கிய பிறகு வேலையை ஆரம்பிப்பார். அதுவும் கோவில்பட்டியில் இல்லை, சென்னையில். இதை யோசிக்காமல் 'சொந்த ஊர்' என்று உருகுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. திரும்புவதென்றால் தொழிலையும் சேர்த்து மாற்றிக்கொண்டு திரும்புவதுதான் திரும்புவது. மற்றது இடமாற்ற உத்தரவு.

இந்தத் துறையில் கணவனும் மனைவியும் ஒரே ஸ்டுடியோவில் இருப்பது சகஜம். ராத்திரி பகலாக வேலை செய்யும் இடத்தில் வேறு யாரைச் சந்திக்க முடியும்? ஒரு கம்பெனி மூடினால் ஒரே நாளில் இரண்டு சம்பளமும் நிற்கும். நம்மவர் அந்த வகையில் தப்பித்தார்: மனைவி வான்கூவரை ஒட்டிய பர்னபியில் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். எந்த பட்ஜெட்டிலும் அசையாத வேலை. என்னைக் கேட்டால் அந்தக் குடும்பத்தின் ஊரை முடிவு செய்ய வேண்டியது அவருடைய வேலைதான், இவருடையது இல்லை. இவர் இதை ஒப்புக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

இப்போது சிட்னியிலிருந்து ஒப்பந்தம் ஒன்று வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைக்கு மத்திய அரசின் சலுகை 30 சதவீதம், மாநிலத்தின் 10 அதற்கு மேல். பத்து மாத வேலை, குடும்பம் பர்னபியிலேயே இருக்கும். கனடிய நிரந்தர வசிப்புரிமையைத் தக்கவைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அவருக்கு அதில் நெருக்கடி இல்லை. வாடகை, விமானச் செலவு, இரண்டு வீட்டுக் கணக்கு எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார். இதே பத்து மாதத்தில் பர்னபியில் எலக்ட்ரீஷியன் பயிற்சியின் முதல் கட்டத்தை முடித்துவிடலாம் என்ற கணக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. மனைவி இரண்டாவதில் கையெழுத்துப் போடச் சொல்கிறார். சிட்னிக்குப் பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரை நேரம்.

(தொடரும்)