கோபுரத்தில் ஏறுவோருக்கு இரு கொக்கிகள்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் குன்றின் உச்சியில் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரம் ஒன்று நிற்கின்றது. 1942ஆம் ஆண்டில் போர்க்கைதிகளைக் கொண்டு ஜப்பானியர் எழுப்பிய நினைவிடத்தின் படிகள் அங்கு இட்டுச் செல்கின்றன. அவற்றுக்கு மேல் இரும்புச் சட்டங்களே படிகள்.

தென்னையேறுவோர் காலில் தளைநார் பூட்டுவதைத் தோட்டத் தோழர்கள் அறிவர். அது ஏறத் துணைபுரியுமேயன்றிப் பிடி நழுவினால் தாங்காது. கோபுரப் பணியாளர் முன்னாளில் கட்டிய இடுப்புவார் தாங்கும். ஆயினும் வீழ்ச்சியின் வேகம் முழுவதும் வயிற்றையும் முதுகெலும்பையும் தாக்கும். அமெரிக்காவில் 1998 முதல் வீழ்ச்சியைத் தாங்க அதனைப் பயன்படுத்தத் தடையுண்டு. இன்றைய முழுவுடல் வார், தோள், மார்பு, தொடை ஆகியவற்றுக்கு அவ்வதிர்ச்சியைப் பகிர்ந்தளிக்கின்றது.

பேரிடர் நேர்வது இடம்பெயரும் நொடியில்தான். ஒரே கொக்கியாயின், அதனைக் கழற்றி மேற்சட்டத்தில் மாட்டும்வரை பணியாளர் எதனோடும் பிணைக்கப்படாதவர். ஆகவே இரு கயிறுகள், இரு கொக்கிகள். ஒன்றைப் பூட்டிய பின்னரே மற்றதைக் கழற்றுதல் வேண்டும். கொக்கி தலைக்கு மேல் இருத்தல் நன்று. காலடியில் மாட்டினால் கயிற்றின் நீளத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விழ நேரிடும்.

சிங்கப்பூரின் 2013ஆம் ஆண்டு விதிகள், 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலைக்கு முன்னனுமதி வேண்டுமென்கின்றன. அனுமதித் தாள் மட்டும் போதாது. வாரில் அசைவின்றித் தொங்குபவரின் கால்களில் குருதி தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். தீயணைப்புப் படை வரட்டும் என்று காத்திருப்பது மீட்புத் திட்டமாகாது. இறக்கும் கயிறும் அதற்குப் பயிற்சி பெற்றவரும் முதல் ஆள் ஏறுமுன்பே கோபுரத்தடியில் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.